எந்தத் தூரம் உங்களுக்கு வேண்டும்?

(தாம்பரத்தை அடுத்த சேலையூரில் மூத்த குடிமக்களுக்காக நடந்த கூட்டத்தில், ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒரே விஷயம்தான். "கண்புரை என்றால் என்ன, ஆபரேஷன் எப்படி நடக்கிறது என்பதெல்லாம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எந்த லென்ஸ் வைத்துக்கொள்வது என்பதில்தான் குழம்பிப் போகிறார்கள்" என்றார்கள். சரியான கோரிக்கை. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை, இந்தப் பக்கம் மேடவாக்கம், அந்தப் பக்கம் முடிச்சூர் வரை கண் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, மேசையில் ஓர் அட்டையை விரித்து, "இது இவ்வளவு, இது இவ்வளவு, உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்பார்களே, அங்கேதான் தடுமாற்றம். பெரியவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அந்தம்மா மகனுக்கு போன் போடுவார். மகன் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருந்து, "இருக்கறதுலயே நல்லதா வைக்கச் சொல்லுங்கம்மா, காசைப் பார்க்காதீங்க" என்பான். பெற்றவர்கள் மேல் இருக்கிற பாசத்தில் சொல்கிறான். அட்டையின் கடைசிக் கட்டத்தில் இருக்கிற லென்ஸுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்த அறையில் யாரும் அவரிடம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. "ஐயா, நீங்கள் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகிற வரை எதைப் பார்க்கிறீர்கள்? எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள்?" இதற்குப் பதில் சொன்னால் பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதியை உங்கள் விழித்திரையும் கண்ணின் அளவும் முடிவு செய்யும். லென்ஸின் பெயர், கம்பெனி, விலை எல்லாம் அதற்குப் பிறகு வர வேண்டியவை. நான் இன்று வற்புறுத்தப் போவது இதைத்தான்.

நம் கண்ணுக்குள் பிறக்கும்போதே இருக்கிற லென்ஸ், தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகும். கிட்டத்தில் பார்க்கும்போது உப்பிக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியதும் அந்த நெகிழ்ச்சி குறைந்துகொண்டே போகிறது, வெள்ளெழுத்து என்கிறோம். பிறகு அதே லென்ஸ் பழுப்பேறி மங்கினால் கண்புரை. ஆபரேஷனில் மங்கியதை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள்ளேயே ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். இது உப்பவும் செய்யாது, தட்டையாகவும் ஆகாது. எந்தத் தூரத்துக்கென்று பவர் கணக்குப் போட்டு வைத்தோமோ, அந்தத் தூரத்தில்தான் கண்ணாடி இல்லாமல் கூர்மையாகத் தெரியும்.

இதுவே எவ்வளவு பெரிய வரம் என்பது இங்கே இருக்கிற வயதானவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் புரையை எடுப்பார்கள், பதிலுக்கு உள்ளே எதையும் வைக்க மாட்டார்கள். பிளஸ் பத்து பவரில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். அதைப் போட்டால் எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும். வாசற்படி ஓரிடத்தில் இருக்கும், கால் வேறிடத்தில் விழும். ஓரத்திலிருந்து வருகிற சைக்கிள் கடைசி நொடியில்தான் முளைத்தாற்போலத் தெரியும். ஒரு கண்ணுக்கு மட்டும் செய்துவிட்டால், இரண்டு கண்ணின் உருவமும் வேறு வேறு அளவில் இருப்பதால் ஒன்று சேராது. அதனால்தான் "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அன்றைக்கு அது நியாயமான புத்திமதி. இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டு காத்திருப்பவர்கள் செம்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் இருக்கிறார்கள். முத்திய புரையை உடைத்து எடுப்பதும் சிரமம், அதற்குள் ஊடுருவி அளவு எடுப்பதும் சிரமம். அளவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்ற எண்ணம் போரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் விமானக் கூண்டு உடைந்து, அந்தப் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணுக்குள் பாய்ந்தன. பெர்ஸ்பெக்ஸ் என்கிற அந்தப் பிளாஸ்டிக், கண்ணுக்குள் கிடந்தும் பெரிய அழற்சியை உண்டாக்கவில்லை என்பதை லண்டன் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். அதே பொருளில் லென்ஸ் செய்யச் சொல்லி, 1949 நவம்பர் 29-ஆம் தேதி செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார். லென்ஸைக் கண் ஏற்றுக்கொண்டது. ஆனால் பவர் தப்பிப் போயிற்று. இயற்கை லென்ஸின் வளைவை ஒட்டிச் செய்தார்கள். பெர்ஸ்பெக்ஸ் அதைவிட அதிகமாக ஒளியை வளைக்கும். விளைவு, அந்தப் பெண்மணிக்கு மைனஸ் பதினெட்டு அளவுக்குக் கிட்டப்பார்வை. கண்ணுக்கு ஆறு சென்டிமீட்டருக்குள் வைத்தால்தான் எதுவும் தெளிவாகத் தெரியும் என்ற நிலை. உலகத்தின் முதல் லென்ஸிலேயே பொருள் சரியாக இருந்தது, தூரம் தவறிவிட்டது. நான் தூரம் தூரம் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்த லென்ஸ் நம் ஊர் ஏழைக்கும் கிடைக்கும்படி ஆனது மதுரையில். டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். லென்ஸ் வைத்தால் நல்லது என்று தெரிந்தும் எல்லோருக்கும் வைக்க முடியவில்லை. வெளிநாட்டு லென்ஸ் அன்று நூறு டாலர் அளவில் விற்றது. இலவசமாக ஆபரேஷன் செய்கிறவர்கள் அதற்கு எங்கே போவார்கள்? டேவிட் கிரீன் என்ற அமெரிக்க நண்பரின் துணையோடு 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் அந்த லென்ஸ் போகிறது. அதே மதுரையில் 3,400 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி, இன்னொரு பிரிவுக்கு உள்ளே லென்ஸ் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. உள்ளே லென்ஸ் வைத்துக்கொண்டவர்களின் அன்றாட வாழ்க்கை மேலாக இருந்தது என்பது நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே நிரூபணமாயிற்று. ஆகவே "இம்போர்ட்டட் லென்ஸா, நம்ம ஊர் லென்ஸா?" என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் ஊர் லென்ஸைக் குறைவாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இனி அட்டைக்கு வருவோம். அதில் எத்தனை பெயர் இருந்தாலும் அடிப்படையில் சில வகைதான்.

முதலாவது மோனோஃபோகல். ஒரே தூரம். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் எந்த ரயில் எந்த பிளாட்பாரம் என்கிற பலகை தெரியும், எதிரே வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியும். செய்தித்தாள் படிக்க, போன் பார்க்க ஒரு ரீடிங் கண்ணாடி வேண்டும். உள்ளே வருகிற ஒளி முழுவதும் ஒரே இடத்தில் சேர்வதால் பார்வை தெளிவாக, அழுத்தமாக இருக்கும். விலையும் குறைவு. அட்டையில் முதல் கட்டத்தில் இருப்பதாலேயே இதை ஏழைகளின் லென்ஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். இது தவறான எண்ணம். கண் மருத்துவர்களிலேயே பலர் தங்கள் கண்ணுக்கு இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது மல்டிஃபோகல், இப்போது மூன்று தூரத்துக்கு வருகிற ட்ரைஃபோகல்தான் அதிகம். லென்ஸின் மேல் நுண்ணிய வளையங்கள் இருக்கும். அவை ஒளியைப் பிரித்துத் தூரத்துக்கு ஒரு பங்கு, கம்ப்யூட்டர் தூரத்துக்கு ஒரு பங்கு, படிக்கிற தூரத்துக்கு ஒரு பங்கு என்று அனுப்பும். பெரும்பாலான வேலைகளுக்குக் கண்ணாடி வேண்டியிருக்காது. உண்மையான லாபம் அது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு டம்ளர் பாலை மூன்று டம்ளரில் ஊற்றினால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். தூரத்துக்கு ஏறக்குறைய பாதி ஒளி கிடைக்கிறது. கொஞ்சம் எங்கேயும் சேராமல் சிதறியும் போகிறது. பகலில் இது தெரியாது. இரவில், எதிர் வெளிச்சத்தில், ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வட்டம் தெரியும். நிறைய பேருக்குச் சில மாதங்களில் மூளை பழகிவிடும். சிலருக்குப் பழகுவதே இல்லை.

ஜி.எஸ்.டி. சாலையை நினைத்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து வெளியே வருகிற பஸ்கள் ஹைபீமில் வரும். கார்த்திகை மாதத்தில் மழை வேறு. தார் கறுப்பு, தண்ணீர் கறுப்பு, பள்ளமும் கறுப்பு. அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் வருகிறவருக்குத் தேவைப்படுவது, கறுப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் அதிகக் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம். டாக்டரின் சுவரில் பளிச்சென்று வெளிச்சம் போட்ட பலகையில் கடைசி வரி வரைக்கும் படிப்பது வேறு, இது வேறு. இதைக் கான்ட்ராஸ்ட் என்பார்கள். மல்டிஃபோகல் லென்ஸ் விட்டுக்கொடுப்பது இதில் ஒரு பங்கைத்தான்.

மூன்றாவது வகை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது; ஈடாஃப் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். தூரமும், கைநீட்டும் தூரமும் நன்றாகத் தெரியும். பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும். விளக்கைச் சுற்றிய வட்டம் பொதுவாக மல்டிஃபோகலைவிடக் குறைவு. கம்ப்யூட்டர் முன்னாலும் அடுப்படியிலும் அதிக நேரம் இருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

டோரிக் என்பதைத் தனி வகையாக எண்ணிப் பலர் குழம்புகிறார்கள். உங்கள் பழைய கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று ஒரு எண் இருக்கும். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இல்லை என்று அர்த்தம். அந்தக் கோணலை லென்ஸிலேயே சரி செய்வதுதான் டோரிக். மோனோஃபோகலிலும் டோரிக் உண்டு, மல்டிஃபோகலிலும் உண்டு. பவரை டயாப்டர் என்ற அலகில் சொல்வார்கள்; கருவிழியில் ஏறத்தாழ ஒரு டயாப்டருக்கு மேல் சிலிண்டர் இருந்தால் இதற்குச் செலவு செய்வது மிகவும் தகும். என் அபிப்பிராயத்தில், கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் இதைக் குறித்த கோணத்தில் வைக்க வேண்டும். ஒரு டிகிரி திரும்பினாலும் பலனில் நூற்றுக்கு மூன்று பங்கு போய்விடும். முப்பது டிகிரி திரும்பினால் வைத்ததே வீண். படுத்தால் கண் சற்றுத் திரும்பும் என்பதால், உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் அடையாளம் போடுவார்கள். அப்போது தலையைச் சாய்க்காமல் நேராக வைத்திருங்கள்.

மஞ்சள் நிற லென்ஸ் விழித்திரையைக் காப்பாற்றும் என்று சொல்லி விற்பார்கள். கெடுதல் இல்லை, காப்பாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. அதற்காக அதிகப் பணம் தர வேண்டியதில்லை.

இப்போது நான் பார்த்த சில மனிதர்களைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

அனகாபுத்தூரில் தறி போடுகிற ஒருவர். கைத்தறிக்குப் பேர்போன ஊர். வாழைநாரில்கூடச் சேலை நெய்கிறார்கள். இவர் வந்தபோது, எல்லோருக்கும் செய்வது போலத் தூரத்துக்கு மோனோஃபோகல் என்று சீட்டில் எழுதியாகிவிட்டது. "நாள் பூரா எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். முழங்கை கொஞ்சம் மடங்கிய நிலை. ஒரு டேப்பை வைத்து அளந்தோம். அறுபது சென்டிமீட்டர் இருந்தது. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற தூரம் அது. பஸ் நம்பரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தறி வீட்டிலேயே இருக்கிறது. அவருக்கு அதே மலிவான மோனோஃபோகல் லென்ஸைத்தான் வைத்தோம், பவரை மட்டும் ஒன்றரை டயாப்டர் கிட்டத்துக்கு நகர்த்தி. தறியில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்தார். வெளியே போகும்போது ஒரு கண்ணாடி. ஒரு ரூபாய்கூட அதிகச் செலவில்லை. பூக் கட்டுகிறவர்கள், தையல்காரர்கள், நகை வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லுகிறேன். போகும்போது உங்கள் வேலைத் தூரத்தை ஒரு நூலில் அளந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொருவர் தமிழாசிரியை. சிறு வயதிலிருந்தே மைனஸ் நான்கு. வகுப்பில் கண்ணாடி போட்டுக்கொள்வார். ராத்திரி படுக்கையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்துக்கொண்டே தூங்கிப்போவார். ஒரு மருத்துவமனையில் அவரை எதுவும் கேட்காமல் தூரத்துக்கு லென்ஸ் வைத்து அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் அப்பழுக்கில்லாமல் நடந்திருந்தது. கண்ணாடி இல்லாமல் சுவரில் இருக்கிற காலண்டரெல்லாம் தெரிந்தது. ஆனால் என்னிடம் வந்து கண் கலங்கினார். "எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொல்றாங்க டாக்டர். எனக்கு என் புத்தகம் போயிடுச்சு." கிட்டப்பார்வைக்காரர்களுக்கு வெறுங்கண்ணால் படிப்பது கூடப்பிறந்த சொத்து. அவர்களைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது. நாற்பது சென்டிமீட்டரில் படிக்க வேண்டுமென்றால் மைனஸ் இரண்டரையில் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். அந்த ஆசிரியையின் இரண்டாவது கண்ணை அவர் விருப்பப்படி கிட்டத்துக்கு வைத்துக் கொஞ்சம் ஆறுதல் தர முடிந்தது.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைச் சற்றுக் கிட்டத்துக்கும் வைப்பது பழைய, நல்ல முறை. மோனோவிஷன் என்பார்கள். இரண்டு சாதாரண லென்ஸ். வித்தியாசம் ஒன்று, ஒன்றேகால் டயாப்டருக்குள் இருந்தால் பெரும்பாலோர் உணர்வதே இல்லை. போன், விலைச்சீட்டு, சாமான் லிஸ்ட் எல்லாம் சமாளிக்கலாம். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. புரை அதிகம் மறைக்காத நிலையில், கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் ஒத்திகை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அட்டையில் இதற்கென்று தனிக் கட்டம் இருக்காது. நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாமவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மேற்குத் தாம்பரம். மகள் துபாயிலிருந்து பணம் அனுப்பி, ட்ரைஃபோகல்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு நெடுங்காலச் சர்க்கரை. ஸ்கேன் எடுத்தால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது. ஒளியைப் பங்கு போடுகிற லென்ஸுக்கு, வருகிற ஒளியை முழுசாக வாங்கிக்கொள்ளும் விழித்திரை வேண்டும். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்கும், நடுவிழித்திரை தேய்ந்தவர்களுக்கும், குளுக்கோமா முற்றியவர்களுக்கும் மல்டிஃபோகல் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மகளிடம் வீடியோ காலில் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினேன். முதலில் நீர்க்கோப்புக்கு வைத்தியம், பிறகு மோனோஃபோகல் என்று முடிவானது. ஆகவே லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "விழித்திரைக்கு ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சா, எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். மல்டிஃபோகலுக்கு விலை சொல்லிவிட்டு இந்த ஸ்கேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அளவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். உங்கள் நேரத்தில் அதிகப் பங்கை இதற்குத்தான் கேட்கிறேன், ஏனென்றால் எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் இதில் தவறினால் கெட்டது.

கண்ணின் முன்பக்கத்திலிருந்து விழித்திரை வரை உள்ள நீளம், கருவிழியின் வளைவு, இரண்டும் தெரிந்தால்தான் பவரைக் கணக்குப் போட முடியும். சராசரிக் கண்ணின் நீளம் இருபத்து மூன்றரை மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்தால் பவர் இரண்டரை டயாப்டருக்கு மேல் தவறும். அதாவது தூரத்துக்கு வைக்க நினைத்த கண், புத்தகத் தூரத்தில் போய் நிற்கும். இப்போது கண்ணைத் தொடாமல் ஒளியாலேயே அளக்கிற கருவிகள் இருக்கின்றன, மிகத் துல்லியமானவை. ஆனால் முத்திய புரைக்குள் அந்த ஒளி புகாது. அப்போது ஏ-ஸ்கேன் என்கிற ஒலி அலைக் கருவியின் முனையைக் கருவிழியில் வைத்து அளக்க வேண்டும். கை கொஞ்சம் அழுத்திவிட்டால் கண் குட்டையாகப் பதிவாகும், பவர் கூடுதலாக வரும், ஆள் கிட்டப்பார்வையோடு வீட்டுக்குப் போவார். புரையை முத்த விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு எடுக்கப் போகிற அன்று நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைப் பல நாள் முன்னதாகவே நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்பது லென்ஸின் வகையைப் பொறுத்தது, கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கருவிழியின் வளைவு பொய்யாகப் பதிவாகும். கண் வறட்சி இருந்தால் அதற்குச் சொட்டு மருந்து போட்டுச் சரிசெய்த பிறகே அளக்க வேண்டும். எப்போதோ கண்ணாடியைத் தவிர்க்க லேசர் செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமான கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது; தனிச் சூத்திரம் இருக்கிறது. பழைய ரிப்போர்ட் பரணில் இருந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஆண்களுக்கு இன்னொன்று. சிறுநீர்த் தொந்தரவுக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை கண் பாப்பாவைச் சரியாக விரிய விடாது. முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார். கூச்சப்பட்டு மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சில வார்த்தை. காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக ஒரு கண்ணுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்திருக்கும். மல்டிஃபோகலின் கூடுதல் விலை பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஆபரேஷனுக்குத் தேதி குறியுங்கள். பணமே இல்லையென்றாலும் பார்வையை இழக்க வேண்டியதில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கிய பரம்பரை உள்ளது. ஆசியாவிலேயே பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. தாம்பரத்தில் ரயில் ஏறினால் நேரே அங்கே இறங்கலாம். லென்ஸோடு இலவசமாகச் செய்கிறார்கள். பம்மலில் சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. இலவசமாக வைக்கிற லென்ஸ் என்றால் மட்டமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து மல்டிஃபோகல் வைத்துக்கொண்ட ஓர் அம்மாவை நான் மறக்க மாட்டேன். அவர் சம்பாதித்ததெல்லாம் காய்கறிக் கூடையில். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ரீடிங் கண்ணாடி அவருடைய கணக்குக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அப்படிச் சொல்ல அன்று அவர் பக்கத்தில் ஆளில்லை.

சில மாதமோ சில வருஷமோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், "வைத்த லென்ஸ் கெட்டுப்போச்சு, புரை திரும்பி வந்துடுச்சு" என்று பயப்படாதீர்கள். லென்ஸ் உட்கார்ந்திருக்கிற பையின் பின்சுவர் சிலருக்கு மங்கும். யாக் லேசரால் சில நிமிஷத்தில் அதில் ஒரு சாளரம் திறந்துவிடுவார்கள். கத்தி இல்லை, படுக்கை இல்லை.

கடைசியாக இரண்டாவது கண். ஒரு கண் நன்றாக அமைந்ததும் அடுத்த வாரமே மற்றதையும் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். இரண்டு கண்ணின் பவரும் மிகவும் மாறுபட்டவர்களுக்கு அந்த அவசரம் நியாயம். மற்றவர்கள் முதல் கண் ஆறி, பவர் நிலைபெறும் வரை சில வாரம் பொறுக்கலாம். கணக்குப் போட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று கால், அரை டயாப்டர் வித்தியாசம் இருந்தால், அதைப் பார்த்து இரண்டாவது கண்ணின் கணக்கைத் திருத்திக்கொள்ள டாக்டருக்கு வழி கிடைக்கும். உங்களுக்கும் அந்த வாரங்களில் ஒன்று தெரியவரும். தூரம் போதுமா, கிட்டம் வேண்டுமா, ராத்திரி விளக்கு தொந்தரவா என்பது வீட்டில் நடமாடிப் பார்த்தால்தான் தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டில் லென்ஸ் டப்பாவின் ஸ்டிக்கரை ஒட்டித் தருவார்கள். மாடல், பவர், சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஒட்டவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அதை போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். இரண்டாவது கண்ணை அவர்கள் இருக்கிற ஊரில் செய்துகொள்ள நேர்ந்தால், அங்கே உள்ள டாக்டருக்கு முதல் வேலையாக அதைக் காட்ட வேண்டியிருக்கும்.